கோப்பில் சரி, கணக்கில் தவறு

கொல்கத்தாவில் ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய லேக் மார்க்கெட் வட்டாரத்தில் பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்துத் தன் பெயரை எழுதும் ஒருவர் அங்கே புதிதாக வங்கிக் கணக்கு தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். ஆதாரில் அவர் பெயர் 'வெ மீனாட்சிசுந்தரம்'. பான் அட்டையில் 'மீனாட்சிசுந்தரம் வெங்கடராமன்'. அங்கே கடைசிப் பெயர் கட்டாயம், அதில் முதலெழுத்தை மட்டும் எழுதவும் கூடாது. வங்கியின் மென்பொருள் ஆதார் விவரத்தை வாங்கி 'வெ' என்பதை முதற்பெயராகவும் 'மீனாட்சிசுந்தரம்' என்பதைக் குடும்பப் பெயராகவும் பதிகிறது. ஒரே ஆள் இப்போது மூன்று ஆட்களாகிவிட்டார். அடுத்து அவர் எதற்கு விண்ணப்பித்தாலும் 'பெயர் பொருந்தவில்லை' என்ற பதில் வரும். போய் ஆதாரைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்று கவுன்டரில் சொல்வார்கள்.

அந்தப் பேச்சைக் கேட்டு உடனே ஆதார் மையத்துக்குக் கிளம்ப வேண்டாம். தவறு எங்கே நடந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

ஆதார் விவரத்தை இணையவழி சரிபார்ப்பு இல்லாமலே கொடுக்க ஒரு வழி உண்டு. மைஆதார் தளத்தில் ஓடிபி கொடுத்து நுழைந்து உங்கள் விவரக் கோப்பை நீங்களே இறக்கிக்கொள்ளலாம். ஷேர் கோடு என்ற நான்கு இலக்கக் கடவுச்சொல்லால் பூட்டிய ஜிப் கோப்பாக அது வரும். திறந்தால் உள்ளே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி, புகைப்படம் எல்லாம் தலைப்பிட்ட சிறு சிறு புலங்களாக அதில் இருக்கும். ஆதார் எண் முழுமையாக இருக்காது, கடைசி நான்கு இலக்கமும் கோப்பு உருவான நாளும் நேரமும் சேர்ந்த ஒரு குறிப்பு எண்தான் இருக்கும். கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் நேரடியாகப் படிக்க முடியாத குறியாக மாற்றப்பட்டிருக்கும். அடியில் ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பம். நல்ல ஏற்பாடு இது.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. வங்கியின் நிரல் அந்தக் கோப்பை வாசித்து, ஒவ்வொரு விவரத்தையும் எடுத்துத் தன் அட்டவணையில் போட வேண்டும். மென்பொருள்காரர்கள் இதைப் பார்சிங் என்பார்கள். ஒரு வீட்டு அஞ்சறைப் பெட்டியிலிருந்து இன்னொரு வீட்டுப் பெட்டிக்குச் சாமான் மாற்றுவது போன்ற வேலை இது. அறைகளின் எண்ணிக்கையும் அளவும் இரண்டிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஆதார் கோப்பில் பெயருக்கு ஒரே இடம். வங்கிப் பதிவில் முதல், நடு, கடைசி என்று மூன்று. எங்கே வெட்டுவது என்று நிரல் எழுதியவர் ஒரு விதியை வைத்திருப்பார். பெரும்பாலும் அது இடைவெளி வரும் இடத்தில் வெட்டுவது. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் சமூகங்களை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. நமக்குப் பொருந்தாது.

பெயர் மட்டும் என்றில்லை. ஆதார் முகவரிப் பகுதியில் 'இன்னாரின் மேற்பார்வையில்' என்ற பொருளில் ஒரு புலம் உண்டு. அதில் அப்பா பெயரும் இருக்கலாம், கணவர் பெயரும் இருக்கலாம், வேறு உறவினர் பெயரும் இருக்கலாம். அதை அப்படியே 'தந்தை பெயர்' அறையில் போடும் நிரல், மணமான பெண்ணின் கணவரை அவருக்கு அப்பாவாக்கிவிடும். சிலருடைய ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டுமே உண்டு. முழுத் தேதி இல்லாமல் முன்னேறாத நிரல் தானாக ஒரு நாளையும் மாதத்தையும் இட்டு நிரப்பினால், அந்தப் பொய்த் தேதி காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் போய் நிற்கும். வீட்டு எண், தெரு, அடையாளம், பகுதி, அஞ்சலகம் என்று தனித்தனியாக வரும் முகவரியை நீளம் குறைந்த மூன்று வரிகளுக்குள் அடைக்கும்போது வால் அறுபடும்.

வங்காளிகளுக்கும் இதே துன்பம் வேறு உருவில் உண்டு. பானர்ஜியும் பந்தோபாத்யாயும் ஒரே குடும்பப் பெயர். முகர்ஜியும் முகோபாத்யாயும், சாட்டர்ஜியும் சட்டோபாத்யாயும் அப்படித்தான். பள்ளிச் சான்றிதழில் ஒன்றும் அலுவலகப் பதிவில் இன்னொன்றும் இருந்தால் கொல்கத்தாவில் எந்த மனிதரும் குழம்ப மாட்டார். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரலுக்கு அவர்கள் இரண்டு பேர்.

எக்ஸ்எம்எல் 1998 பிப்ரவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு பரிந்துரைத்த தரம். கோப்பின் குறியமைப்பில் பிசகு இருந்தால் நிரல் வாசிப்பை நிறுத்திவிட வேண்டும் என்று அந்தத் தரமே சொல்கிறது. ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் வேலை நின்றுபோகும். பெயர் தப்பான அறையில் விழுந்தால் எதுவும் நிற்காது, சிவப்பு விளக்கு எரியாது. கோப்பு சரி, வாசிப்பு சரி, பதிவு தவறு. அந்தத் தவறைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் அந்தப் பெயருக்கு உரியவர். அவரிடமோ பதிவை யாரும் காட்டுவதில்லை.

தவறு அந்த வங்கியோடும் நிற்பதில்லை. வங்கி பதிந்த விவரம் மத்திய கேஒய்சி பதிவகத்துக்குப் போகிறது. அங்கே உங்களுக்கு 14 இலக்க அடையாள எண் ஒன்று கிடைக்கும். அங்கேயும் பெயருக்கு முதல், நடு, கடைசி என்ற பிரிவுகள்தாம். நாளைக்கு மியூச்சுவல் ஃபண்டில் பணம் போடப் போனால் அந்த நிறுவனம் இந்தப் பதிவை எடுத்துக்கொள்ளலாம். பிழை ஊர் ஊராகப் பயணம் செய்கிறது. பெயரும் பிறந்த தேதியும் குழம்பினால் கடன் அறிக்கையில் வேறொருவரின் கடன் உங்கள் பேரில் ஏறும் ஆபத்தும் உண்டு.

பிழையைவிடக் கொடியது மோசடி. ஆதார் எக்ஸ்எம்எல் என்பது வெறும் எழுத்துக் கோப்பு. யாரும் நோட்பேடில் திறந்து பெயரையோ படத்தையோ மாற்றிவிட முடியும். மாற்றினால் அடியில் உள்ள கையொப்பம் பொருந்தாது. பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது. கையொப்பத்தைச் சோதிக்காமல் விவரத்தை மட்டும் உருவிக்கொள்ளும் நிரல், திருத்திய கோப்பையும் உண்மையானதாக ஏற்கும். உங்கள் பெயரும் இன்னொருவர் முகமும் உள்ள கோப்பில் கணக்கு திறந்துவிடலாம். இன்னொரு நுட்பமான ஓட்டையும் உண்டு. கையொப்பம் கோப்பின் ஒரு பகுதியில் சோதிக்கப்படும், விவரமோ வேறொரு பகுதியிலிருந்து எடுக்கப்படும். சோதித்த அதே பகுதியைத்தான் வாசிக்கிறோமா என்று உறுதிசெய்யாத நிரல் சோதிக்காததற்குச் சமம்.

சால்ட் லேக் செக்டார் ஃபைவிலும் சென்னை ஓஎம்ஆரிலும் இந்த நிரல்களை எழுதுகிறவர்களில் நம் வாசகர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு இரண்டு வார்த்தை. எக்ஸ்எம்எல் கோப்பு தனக்குள்ளேயே சுருக்கக் குறிகளை வரையறுத்துக்கொள்ள முடியும். அந்தக் குறி வெளியே உள்ள கோப்பையும் சுட்டலாம். கவனிக்காத நிரல், சர்வரில் இருக்கும் ரகசியக் கோப்பைத் திறந்து எதிராளியிடம் கொடுத்துவிடும். வலைப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் 2017-இல் வெளியிட்ட பத்துப் பெரிய ஆபத்துகளில் இதற்கு நான்காம் இடம். ஒன்றுக்குள் ஒன்றாகக் குறிகளை அடுக்கி, ஒரு கிலோபைட்டுக்கும் குறைவான கோப்பை நினைவகத்தில் கிட்டத்தட்ட மூன்று ஜிபியாக விரியவைக்கும் தாக்குதலும் பழையதுதான். வெளிக்குறிகளையும் உள்வரையறைகளையும் அணைத்துவிட்டே வாசிப்பைத் தொடங்குங்கள். பெயரை எப்படி வெட்டினாலும், வந்த வடிவத்தை வெட்டாமல் ஒரு இடத்தில் வைத்திருங்கள். வெட்டிய வடிவத்தை வாடிக்கையாளரின் திரையில் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். அரைமணி நேர வேலை அது. அதைச் செய்யாததால் ஒரு முதியவர் ஆறு மாதம் அலைகிறார்.

அனுப்பியவர் பதிவும் பெற்றவர் பதிவும் வேறுபட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கொல்கத்தா 2023 நவம்பரில் பார்த்தது. தலைமையகத்தை இந்த நகரத்தில் கொண்ட யூகோ வங்கியில், நவம்பர் 10 முதல் 13 வரை, ஐஎம்பிஎஸ் வழியாக வந்த பரிமாற்றங்களில் கோளாறு நேர்ந்தது. ஏழு தனியார் வங்கிகளின் சுமார் 14,600 கணக்குகளிலிருந்து கிளம்பிய பரிமாற்றங்கள், அங்கே பணம் கழியாமலே, இங்கே 41,000-க்கும் மேற்பட்ட கணக்குகளில் வரவாக ஏறின. மொத்தம் சுமார் 820 கோடி ரூபாய். சில நாட்களுக்குள் 649 கோடியை மீட்டதாக வங்கி அறிவித்தது. சிபிஐ வழக்குப் பதிந்தது. 2024 மார்ச்சில் ராஜஸ்தானிலும் மகாராஷ்டிரத்திலும் 67 இடங்களில் சோதனை நடந்தது. இது ஆதார் கோப்பு விவகாரம் இல்லை. ஆனால் இரண்டு கணினிகள் ஒரே செய்தியை இரண்டு விதமாகப் பதிந்துகொள்ளும் அதே இனக் கோளாறு.

அதிலிருந்து வாடிக்கையாளர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. காரணம் தெரியாத பணம் கணக்கில் வந்தால் அது உங்களுடையது இல்லை. தவறுதலாகப் பெற்ற பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு சொல்கிறது. எடுத்துச் செலவழிக்காமல் வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நேர்மாறாக, உங்கள் கணக்கில் பணம் கழிந்து எதிர்த்தரப்புக்குப் போகாமல் நின்றால் சட்டம் உங்கள் பக்கம். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இட்ட உத்தரவின்படி, ஐஎம்பிஎஸ் மூலமோ யூபிஐ மூலமோ இன்னொருவர் கணக்குக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால், அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு. நீங்கள் கேட்காமலே தர வேண்டும்.

பெயர்ப் பிழைக்கு வருவோம். கணக்கு திறந்த அன்றே, உங்கள் பெயரில் பதிவான வாடிக்கையாளர் விவரம் முழுவதையும் அச்சில் கேளுங்கள். பெயரின் மூன்று பகுதிகள், தந்தை பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகியவற்றை ஆதார் கோப்போடு வைத்துப் பாருங்கள். மத்திய கேஒய்சி எண்ணையும் கேளுங்கள். அதை வாடிக்கையாளருக்குத் தெரிவிப்பது வங்கியின் கடமை. நீங்கள் கொடுத்த ஜிப் கோப்பின் பிரதி ஒன்றை அழிக்காமல் வைத்திருங்கள். அதில் ஆணையத்தின் கையொப்பமும் நாளும் நேரமும் இருப்பதால், நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

பிழை தெரிந்தால் கிளைக்கு எழுத்துப் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றாலோ பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. வழிகேட்க 14448 என்ற எண் இருக்கிறது. கடன் அறிக்கை கெட்டிருந்தால் வழி தனி: ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம், திருத்தக் கோரிக்கை 30 நாளில் முடியாவிட்டால், அதற்கு மேலாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ரிசர்வ் வங்கியின் இந்த விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் விவரத்தைப் பார்க்கவும் திருத்தவும் உரிமை தருகிறது. ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் தரவு சரியாகவும் முழுமையாகவும் இருக்க வேண்டும் என்று நிறுவனத்தின் மேல் பொறுப்பு வைக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக அமலாகின்றன.

கோப்பைக் கையாள்வதிலும் கவனம் வேண்டும். நான்கு இலக்க ஷேர் கோடு என்றால் மொத்தம் 10,000 சாத்தியங்கள்தாம். கணினிக்கு அது பெரிய வேலையில்லை. ஜெராக்ஸ் கடைக் கணினியில் இறக்கினால் டவுன்லோட் பகுதியிலிருந்து அழித்துவிட்டு எழுந்திருங்கள். கோப்பையும் அதன் கடவுச்சொல்லையும் ஒரே வாட்ஸ்அப் செய்தியில் அனுப்பாதீர்கள். இப்படிக் கோப்பு வாங்கிச் சரிபார்ப்பவர் உங்கள் சம்மதத்தைப் பெற வேண்டும், ஆதார் எண்ணைச் சேகரிக்கவோ சேமிக்கவோ கூடாது. 2019 திருத்தத்தின் வழியாக ஆதார் சட்டத்தில் சேர்ந்த விதி இது. கோப்பும் கொடு, அட்டை நகலும் கொடு என்று கேட்டால் மறுக்கலாம்.

கவுன்டரில் சொன்ன அந்த யோசனைக்குப் பதில் இதுதான். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறை. கோப்பில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறது என்றால், வங்கி நிரலின் பிழைக்காக அந்த வாய்ப்பைச் செலவிடாதீர்கள். திருத்த வேண்டியது வங்கி. திருத்தச் சொல்லி எழுதிக் கேளுங்கள்.