பக்கத்தில் உட்கார ஓர் அக்கா

காலை ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிவரும் கம்பெனி பஸ்கள் பிள்ளைப்பாக்கம் சிப்காட்டுக்குள் திரும்பும்போது பொழுது சரியாக விடிந்திருக்காது. ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியபடி வருகிறவர்களில் பலர் இருபது வயதை ஒட்டிய பெண்கள். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம், விழுப்புரம் பக்கம், கள்ளக்குறிச்சி பக்கம் என்று இருக்கும். ஷேர் ஆட்டோவிலும் டவுன் பஸ்ஸிலும் வந்து இறங்குகிறவர்கள் சுற்றுக் கிராமத்துப் பெண்கள். அவர்களுக்கு வயது நாற்பது, ஐம்பது. கேன்டீனில் காய் நறுக்குவதும், தரை துடைப்பதும், கழிவறை கழுவுவதும் அவர்கள் வேலை. சம்பளச் சீட்டில் கான்ட்ராக்டர் பெயர்தான் இருக்கும்.

இவர்களில் ஒருத்திக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் என்ன ஆகும்?

இது எங்கோ யாருக்கோ வருகிற நோய் அல்ல. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகத்துக்கு, அடுத்த இடம் கருப்பைவாய்க்கு. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் புதிதாகச் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும், சுமார் 1,27,000 பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயும் வந்தன. மேலை நாட்டுப் பெண்களைவிட நம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஏறத்தாழப் பத்து ஆண்டு முன்னதாகவே வந்துவிடுகிறது. வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் வயது அது. பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவேண்டிய வயது.

வைத்தியத்தைப் பொறுத்தவரை பிள்ளைப்பாக்கம் ஒதுங்கிக் கிடக்கும் ஊர் இல்லை. மேற்கே போனால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை. புற்றுநோயால் 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்த அண்ணாவின் பெயரை, அவர் பிறந்த ஊரிலேயே, அந்த மருத்துவமனை தாங்கியிருக்கிறது. கிழக்கே போனால் அடையாறு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, உடன்பிறந்த சுந்தராம்பாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தைச் சுமந்துகொண்டே பல ஆண்டுகள் போராடி, 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அங்கே இருக்கிறது. அவர் மகன் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் ஆயுளையே அதற்குக் கொடுத்தார்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் ஈ.எஸ்.ஐ. உண்டு. இல்லாத ஏழைக் குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீடு உண்டு. இத்தனையும் தமிழ்நாடு பெருமையோடு சொல்லிக்கொள்ளக்கூடியவை.

ஆனாலும் இந்த வழியில் ஓர் ஆள் குறைகிறார். அந்த நோயில் விழுந்து எழுந்து வந்த இன்னொரு பெண் அவர்.

மருத்துவர் நல்லவர்தான். ஆனால் வெளியே நூறு பேர் காத்திருக்கிறார்கள். ஆபரேஷன் தேதி, எத்தனை கீமோ, எத்தனை நாள் கரண்ட் (கதிர்வீச்சு) என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஃபைல் மேஜைக்கு வந்துவிடும். அந்தப் பெண்ணின் மனதில் ஓடும் கேள்விகளே வேறு. ஆபரேஷனுக்குப் பிறகு பக்கவாட்டில் தொங்கும் ட்யூபையும் பாட்டிலையும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் எப்படி ஏறுவது? தலைக்கு மேல் கை தூக்க முடியாமல் ரவிக்கை எப்படிப் போடுவது? முடி ஒரேயடியாகக் கொட்டுமா, கொஞ்சம் கொஞ்சமாகவா? என் தட்டில் பிள்ளை சாப்பிட்டால் ஒட்டிக்கொள்ளுமா? புருஷன் இனி என்னைத் தொடுவாரா? மகளுக்கு வரன் பார்க்கும்போது இதைச் சொல்லவேண்டுமா, மறைக்கவேண்டுமா?

கடைசி இரண்டையும் ஓர் ஆண் மருத்துவரிடம் நம் பெண்கள் கேட்கமாட்டார்கள். பெண் மருத்துவரிடமும் கேட்கத் தயங்குவார்கள். அதே வெட்டுத் தழும்பு உள்ள ஓர் அக்காவிடம் கேட்பார்கள்.

இதை உலகத்துக்கு முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் டெரீஸ் லாசர் என்ற நியூயார்க் பெண்மணி. 1952இல் அவருக்கு ஒரு மார்பகத்தை முழுதாக நீக்கினார்கள். கைக்கு என்ன பயிற்சி, உள்ளாடைக்கு என்ன செய்வது, வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று சொல்ல ஒருவரும் இல்லை. தானே கற்றுக்கொண்டார். பிறகு, புதிதாக ஆபரேஷன் ஆன பெண்களின் படுக்கைகளைத் தேடிப் போனார். கையில் ஒரு பை. உள்ளே தற்காலிகமாக வைத்துக்கொள்ள ஒரு பஞ்சுப் பொதி, கைப்பயிற்சிக்கு ஒரு பந்தும் கயிறும். அறுவை மருத்துவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை, வார்டுக்குள் விட மறுத்தார்கள். அவர் விடவில்லை. ‘ரீச் டு ரெகவரி’ என்ற அந்த முயற்சியை 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. பிறகு அது பல நாடுகளுக்குப் பரவியது.

நம் நாட்டிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. கனடாவில் ஆய்வு மாணவியாக இருந்தபோது ஹாட்ஜ்கின் வகைப் புற்றுநோய்க்கு ஆளாகி மீண்டவர் ஹர்மாலா குப்தா. ஊர் திரும்பியதும், நோயைப் பற்றி வாய் திறக்கவே பயந்த சமூகத்தில், 1991இல் டெல்லியில் ‘கேன்சர் சஹயோக்’ என்ற ஆதரவுக் குழுவைத் தொடங்கினார். 1996இல் அவர் தொடங்கிய ‘கேன்சப்போர்ட்’ நோயாளியின் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் அமைப்பாக வளர்ந்தது. மும்பையில் நோயிலிருந்து மீண்ட வந்தனா குப்தா 1994இல் ‘வி கேர்’ அமைப்பை உருவாக்கினார். அதே மும்பையில் ஜெயஸ்ரீ ரத்தன் தொடங்கிவைத்த முயற்சியில், பெண்கள் பருத்தி நூலில் செயற்கை மார்பகம் பின்னி, தேவைப்படுகிறவர்களுக்கு இலவசமாக அனுப்புகிறார்கள். கடையில் விற்கும் சிலிக்கான் வகைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க முடியாத பெண்ணுக்கு, வெயிலில் வியர்த்தாலும் உறுத்தாத நூல் பொதி எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, பழைய துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு வேலைக்குப் போனவர்கள் அறிவார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இப்படிக் கூடிப் பேசுவதால் ஆயுள் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1989இல் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர், நோய் பரவிவிட்ட 86 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், குழுவில் சேர்ந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரிந்தது. உலகமே பரபரத்தது. 2001இல் கனடாவில் 235 பெண்களை வைத்து அதைச் சரிபார்த்தபோது ஆயுளில் வித்தியாசம் இல்லை. ஸ்பீகலே பின்னர் நடத்திய மறு ஆய்விலும் அந்தப் பழைய முடிவு கிடைக்கவில்லை. ஆனால் கனடா ஆய்வில் இன்னொன்று தெரிந்தது. குழுவில் இருந்த பெண்களுக்கு, அதிலும் மனம் மிகவும் ஒடிந்துபோய் வந்தவர்களுக்கு, மனவேதனை குறைந்தது. உடல்வலியும் அவ்வளவாக உறைக்கவில்லை. எனக்கு இது போதும். இருக்கிற நாளை மனுஷியாக வாழவிடுவது சிறிய காரியமில்லை.

பிள்ளைப்பாக்கம் போன்ற இடத்தில் இந்த அக்காவின் வேலை ஆறுதலோடு முடிந்துவிடாது. காகிதத்திலும் அவர் கைகொடுக்கவேண்டும். ஈ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய்க்கு ஆண்டுக்கு 91 நாள், சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். புற்றுநோய் உள்ளிட்ட நீண்டகால நோய்களுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது: 80 சதவீதம், இரண்டு ஆண்டுவரை. ஆனால் அதற்குத் தொடர்ந்து இரண்டு ஆண்டு காப்பீட்டோடு வேலை பார்த்திருக்கவேண்டும். கான்ட்ராக்டர் மாறும்போது பழைய ஈ.எஸ்.ஐ. நம்பரை விட்டுவிட்டுப் புது நம்பர் போட்டுக்கொண்ட பெண்ணுக்கு இங்கேதான் சிக்கல். நோய் வருவதற்கு முன்பே யாராவது அவளிடம், “அந்த நம்பரை விட்டுடாதம்மா, அதையே புது ஆபீஸ்ல கொடு” என்று சொல்லியிருக்கவேண்டும். ஒரு தடவை அந்தக் கஷ்டம் பட்டவர்தான் அதை மறக்காமல் சொல்வார்.

இன்னொரு விஷயம் வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கும் பெண்களுக்கு. இந்த வட்டாரத்து வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கான குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அங்கிருப்பவர்களைப் போன்ற இளம்பெண்களுக்கு நோய் வருவது அபூர்வம். வருவது ஊரிலிருக்கும் அம்மாவுக்கு. மகள் இங்கே லைனில் நிற்பாள். மகள் அனுப்பும் பணத்தில் குடும்பம் ஓடும். அம்மா மார்பில் கட்டி இருப்பதை, “அவளை எதுக்குக் கவலைப்படுத்தணும்” என்று மாதக்கணக்கில் சொல்லாமல் இருப்பாள். மகளின் ஈ.எஸ்.ஐ. கார்டில், அவளை நம்பி வாழும் பெற்றோரையும் வருமான வரம்புக்கு உட்பட்டுச் சேர்க்கலாம். இது தெரியாமல் கடன் வாங்குகிற மகள்கள் இருப்பார்கள். ஊரிலிருந்து ரயிலில் சிகிச்சைக்கு வரும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணமே இல்லை, உடன் வருபவருக்கு 75 சதவீதச் சலுகை உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது. அம்மாவுக்கு நோய் என்று தெரிந்த ராத்திரி, அறைத் தோழிகள் தூங்கியபின் போர்வைக்குள் அழுகிற பெண்ணுக்கும் ஓர் அக்கா வேண்டும்.

சிகிச்சை முடிந்த பிறகு வருகிற கஷ்டங்கள் தனி. கரண்ட் முடிந்தது, கீமோ முடிந்தது, முடி முளைத்துவிட்டது. வீட்டில் எல்லோரும் “சரியாயிடுச்சு” என்கிறார்கள். அவளுக்கோ இனித்தான் ஐந்து ஆண்டுக்கு மேல் மாத்திரை, உடம்பெல்லாம் அனல், மூட்டுவலி. ஒவ்வொரு செக்கப்புக்கு முந்தின இரவும் தூக்கம் இல்லை. அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கை வீங்கக்கூடும். அந்தக் கையால் வாளியைத் தூக்கி நாள் முழுக்கத் தரை துடைக்கச் சொன்னால் என்ன செய்வாள்? சூப்பர்வைசரிடம் சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம். கம்பெனி மருத்துவ அறையில் இருக்கும் நர்ஸம்மாவிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, கனம் தூக்காத வேலைக்கு மாற்றித் தரச் சொல்வதற்குக்கூடப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் தைரியம் வரும்.

யார் வேண்டுமானாலும் இந்த அக்கா ஆகிவிட முடியாது. சிகிச்சை முடிந்து குறைந்தது ஓராண்டாவது கடந்திருக்கவேண்டும். தன் ரணமே ஆறாதவர் அடுத்தவர் ரணத்தைத் தொட்டால் இருவருக்கும் வலிக்கும். பயிற்சி வேண்டும். எந்த டாக்டர் நல்லவர், எந்த மருந்தை நிறுத்தலாம் என்று அவர் சொல்லக்கூடாது. கீமோவை விட்டுவிட்டுச் சாறும் பொடியும் சாப்பிட்டால் போதும் என்கிற பேச்சு அந்தக் கூட்டத்துக்குள் நுழையவே கூடாது. அப்படி நம்பிப் போய், முற்றிய பிறகு திரும்பி வருகிறவர்களை நம் மருத்துவமனைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. கேட்ட ரகசியம் ஹாஸ்டல் வராந்தாவுக்கு வந்துவிடவும் கூடாது. பயிற்சி கொடுக்க ஆள் இல்லாமல் இல்லை. அடையாறு மையத்தில் புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே ஒரு துறை இயங்குகிறது.

கூடி உட்காருவதும் தமிழ்நாட்டுப் பெண்களுக்குப் புதிதல்ல. 1989இல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழுக்கள் இன்று ஊர்தோறும் இருக்கின்றன. வட்டமாக உட்கார்ந்து, நோட்டுப் போட்டு, ஒருத்தி கஷ்டத்தை இன்னொருத்தி தாங்கிக் கடனை அடைத்துப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் நோய்க்கும் கைகொடுக்கும்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். இந்த வட்டாரத்து ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும், காரப்பேட்டை மருத்துவமனையிலும், வாரத்தில் ஒரு நாள், ஒரு நாற்காலி, பயிற்சி பெற்ற ஒரு பெண். போய்வரும் செலவும், அன்றைய கூலிக்கு ஈடான ஒரு தொகையும் அவருக்குத் தரவேண்டும். ஏழைப் பெண்ணின் நேரத்தைச் சேவை என்ற பெயரில் இலவசமாக வாங்குவது நியாயமில்லை. கம்பெனிகள் சமூகப் பொறுப்பு நிதியில் நிழற்குடையும் குப்பைத்தொட்டியும் வைக்கின்றன. இதற்கும் கொஞ்சம் ஒதுக்கட்டும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க 2024இல் தொடங்கிய ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தொழிற்சாலைக்கே வரும் சுகாதாரப் பணியாளர், நாற்பது வயதுப் பெண்ணிடம் மார்பில் கட்டி ஏதும் தென்படுகிறதா என்றும் கேட்டுவிட்டுப் போகட்டும்.

இதைப் படிக்கிற நீங்கள் சிகிச்சை முடிந்து ஓராண்டைத் தாண்டியவர் என்றால் உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது அங்குள்ள சமூகப் பணியாளரைப் பாருங்கள். புதிதாக வருகிற பெண்ணோடு பேச நான் தயார் என்று சொல்லி, உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.