கூம்புக் கலனில் ஒரு கீறல்

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் தயாரிக்க வழிவிட்ட சட்டத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978-இல் கையெழுத்திட்டார். இன்று அங்கே பலர் அதை நொதிக்க வைப்பது பிளாஸ்டிக் கூம்புக் கலனில். அடிப்பகுதி குறுகியிருப்பதால் ஈஸ்ட் வண்டல் கீழே இறங்கிவிடும். வால்வைத் திறந்து வெளியேற்றிவிடலாம்.

ஆனால் பிளாஸ்டிக்கில் விழும் மெல்லிய கீறலில்கூடக் கிருமிகள் பதுங்கும், பீர் கெட்டுப்போகும். கம்பி நார், முரட்டு பிரஷ் வேண்டவே வேண்டாம், மென்மையான துணி போதும். பெட் வகைப் பிளாஸ்டிக்குக் கொதிநீரும் ஆகாது, நெளிந்துவிடும். முதலில் அழுக்குப் போகக் கழுவ வேண்டும், பிறகுதான் கிருமிநாசினிக் கரைசல். அழுக்கின் மேல் ஊற்றினால் அது சரியாக வேலை செய்யாது. பலரும் மறப்பது வால்வைத்தான். ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றி, உள்ளிருக்கும் ரப்பர் வளையத்தையும் எடுத்துக் கழுவியே தீர வேண்டும்.