உப்பு பூக்கும் நேரம்

புத்தளத்திலிருந்து பாலாவிக்கு வந்து கற்பிட்டி வீதியில் திரும்பினால், களப்பை ஒட்டி உப்புப் பாத்திகள் விரிந்து கிடக்கும். வெயில் ஏறி, காற்று ஓய்ந்திருக்கும் ஒரு நண்பகலில் வரப்பில் குந்தியிருந்து நீரின் மேற்பரப்பைக் கவனிக்க வேண்டும். ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சதுரமாக விரியும். நான்கு ஓரங்களிலும் வளர்ந்து, தன் பாரத்தால் சற்றே தாழ்ந்து, தலைகீழான குட்டிக் கோபுரம்போல் உள்ளே குழிந்து மிதக்கும். ஒரு காற்று வீசினால் போதும், சரிந்து அடியில் போய்ப் படிந்துவிடும். உப்பு பூப்பது என்பது இதுதான்.

அந்தப் பூ ஏன் வட்டமாக இல்லை? யாரும் வெட்டிக் கொடுக்காத சதுரம் எங்கிருந்து வந்தது?

களப்பு நீரில் உப்பு முன்பே இருந்தது. ஆனால் உப்பாக இல்லை. சோடியம் அயன்களும் குளோரைட்டு அயன்களுமாகப் பிரிந்து கிடந்தது. நீர் மூலக்கூறின் ஒட்சிசன் பக்கம் சோடியத்தையும், ஐதரசன் பக்கம் குளோரைட்டையும் இழுத்துச் சூழ்ந்துகொள்ளும். ஒவ்வோர் அயனைச் சுற்றியும் இப்படி ஒரு காவல். வெயிலும் காற்றும் நீரை எடுத்துப்போகப்போகக் காவலுக்கு ஆள் குறைகிறது. கடல்நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது, எதிரெதிர் மின்னேற்றமுள்ள அயன்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளத் தொடங்குகின்றன. ஒரு சோடியத்தைச் சுற்றி ஆறு குளோரைட்டு: நான்கு பக்கத்திலும் நான்கு, மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒவ்வொரு குளோரைட்டைச் சுற்றியும் அதேபோல் ஆறு சோடியம். இந்த ஒழுங்கு எங்கும் பிசகாமல் அடுக்கப்பட்டால் கிடைப்பது கனசதுரம். நாம் கண்ட சதுரம், அணு மட்டத்துச் சதுரத்தின் பெரிய உருவம். 0.3 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு பரலின் ஓர் ஓரத்தில் மட்டும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட அயன்கள் வரிசையில் நிற்கின்றன.

இதை முதலில் அறிந்தவர் லோரன்ஸ் பிராக். 1913இல், உப்புப் பளிங்கின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, அது சிதறிய கோலத்திலிருந்து அயன்களின் இருப்பிடத்தைக் கணித்தார். 1915இல் தந்தையோடு நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 25. ஆனாலும் எல்லோரும் ஏற்கவில்லை. சோடியமும் குளோரினும் சோடியாகச் சேர்ந்த மூலக்கூறே உப்பில் இல்லை, சதுரங்கப் பலகைபோல் மாறிமாறி நிற்கும் அயன்கள்தான் உண்டு என்பதை, 1927இலும் ஹென்றி ஆம்ஸ்ட்ரோங் என்ற மூத்த இரசாயனவியலாளர் கடுமையாக எதிர்த்து எழுதினார். சோற்றில் தினமும் போடும் பொருளின் உள்ளமைப்பு ஒரு நூற்றாண்டுக்கு முன்புகூட வழக்காடப்பட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

திண்மம், திரவம், வாயு என்று பள்ளிக்கூடத்தில் மூன்று பெட்டிகளாகப் படித்தோம். பாத்தியில் அவை ஒன்றாகவே இருக்கின்றன. அடியில் படிந்த உப்பில் ஒவ்வோர் அயனுக்கும் ஓர் இடம் உண்டு. அங்கே அது அதிரலாம், விலகிப்போக முடியாது. மேலே நிற்கும் நீரில் மூலக்கூறுகள் நெருங்கியிருந்தாலும் ஒன்றைவிட்டு ஒன்று வழுக்கி நகர்கின்றன. அதற்கும் மேலே, கண்ணுக்குத் தெரியாத நீராவியில் அவை வெகுதூரம் விலகித் திரிகின்றன. நீர் ஆவியாகும்போது மூலக்கூறு மாறுவதில்லை; இடைவெளியும் பிடியும்தான் மாறுகின்றன. உப்பின் பிடியோ மிகவும் இறுக்கம். வெறும் சூட்டால் அதைத் திரவமாக்க 801 பாகை செல்சியஸ் வேண்டும். அந்தப் பிடியைத்தான் ஒரு மழை சில நிமிடங்களில் அவிழ்த்துவிடுகிறது. விளைந்த பாத்தியில் மழை விழுந்தால் உப்புச் செய்பவர் மனம் பதறுவது இதனால்தான்.

களப்பு நீரில் கரைந்திருப்பது இந்த உப்பு மட்டுமல்ல. நீர் சுண்டச்சுண்ட முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம், அதன் பிறகே கறியுப்பு. கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில் மகனீசிய உப்புகள் இருக்கும். மகனீசியம் குளோரைட்டு காற்றின் ஈரத்தை ஆவலோடு உறிஞ்சிக் கரையக்கூடியது. அது ஒட்டியிருக்கும் உப்புத்தான் மழைக்காலத்தில் பரணியில் கசிகிறது. அறுவடை செய்த உப்பைக் குவித்துக் கிடக்கவிட்டால் இந்தக் கசப்பு நீர் வடிந்துபோகும்.

இன்று சமையலறையில் ஒரு கல்லுப்பை எடுத்து, கத்தி முனையை அதன் முகத்துக்கு நேராக வைத்து மெல்லத் தட்டிப் பாருங்கள். ஓர் அடுக்கு சற்றே நகர்ந்ததும் ஒரே மின்னேற்றமுள்ள அயன்கள் நேருக்கு நேர் வந்து ஒன்றையொன்று தள்ளும். கல் மட்டமான முகத்தோடு பிளக்கும். பிளந்த துண்டின் மூலைகளை ஒரு வில்லையால் பாருங்கள்: அவை செங்கோணமாகவே இருக்கும்.