வேட்டை வழிகாட்டிக்கு டிப்ஸ்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், மத்திய அரசு ‘வில்டர்னஸ்’ என்று அறிவித்த காட்டுப்பகுதிகளில் வெளிமாநிலத்தவர் எல்க் மான் வேட்டையாட உரிமம் பெற்ற வழிகாட்டியோ, அனுமதி பெற்ற உள்ளூர்த் துணையோ கட்டாயம். வேட்டைப் பயணக் கட்டணத்தில் வழிகாட்டியின் டிப்ஸ் பொதுவாக அடங்காது. கட்டணத்தில் 10 முதல் 20 சதவீதம் தருவது வழக்கம். 6,000 டாலர் பயணமென்றால் 600 முதல் 1,200 டாலர். கடைசி நாளில், ரொக்கமாக, அவர் கையிலேயே கொடுப்பார்கள். சமையற்காரருக்கும் குதிரை பார்ப்பவருக்கும் தனி.

மான் கிடைத்ததா என்பது டிப்ஸுக்கு அளவுகோல் அல்ல. விடியுமுன் சேணம் பூட்டி, மலையேறித் தடம் தேடி, சுட்ட விலங்கை அறுத்துக் கீழே இறக்குவதுவரை வழிகாட்டியின் உழைப்பு. வந்தவர் குறி தப்பினால் அது வழிகாட்டியின் குற்றமா என்ன? நல்ல கத்தி, பைனாகுலர் என்று பரிசளிப்போரும் உண்டு. அது பணத்தோடு சேர்ந்தால் அழகு, பணத்துக்குப் பதிலாகாது. நிறுவன உரிமையாளரே வழிகாட்டியாக வந்தால், டிப்ஸ் அவரவர் விருப்பம்.