தெரிந்த கதை, தெரியாத பாஷை

எங்கள் குமரி மாவட்டத்தில் நர்ஸிங் படித்த பெண்பிள்ளைகள் வெளிநாட்டு வேலைக்குப் போவது புதிதல்ல. முன்பெல்லாம் வளைகுடா நாடுகள்தான். இங்கிலீஷை வைத்துச் சமாளித்து விடுவார்கள். இப்போது ஜெர்மனியையும் நிறையப் பேர் பார்க்கிறார்கள். கேரள அரசின் நோர்கா நிறுவனம் 2021 டிசம்பரில் ஜெர்மனியோடு ஒப்பந்தம் போட்ட பிறகு, பக்கத்தில் இருக்கும் எங்கள் பக்கமும் அதே பேச்சுதான்.

ஆனால் அங்கே முதல் நிபந்தனையே பாஷை. நோயாளியிடம் 'எங்கே வலிக்குது பாட்டி?' என்று கேட்கத் தெரியாத நர்ஸை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகள். முழு நர்ஸாக அங்கீகாரம் கிடைக்க பொதுவாக பி2 வேண்டும். பி1 முடித்துப் போய், மீதியை அங்கே படிப்பவர்களும் உண்டு.

என் இளைய மகள் கோதே பி1 பரீட்சை எழுதினாள். வாசிப்பு, கேட்பு, எழுத்து, பேச்சு என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வேண்டும். மூன்றில் தேறி விட்டாள். கேட்பதில் 53. தவறிய பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம் என்பது ஒரு ஆறுதல். ஆனால் வகுப்புக்குக் கட்டிய பணத்துக்காக என் இரண்டு வளையல்கள் அடகில் இருக்கின்றனவே! அவளோ, "யம்மா, வாசிச்சா வெளங்குது. அவங்க பேசினா எல்லாம் ஒண்ணா ஓடிப் போகுது" என்று அழுதாள்.

ஜெர்மன் பாஷையின் குணம் அப்படி. 'நாளைக்கு உனக்கு போன் பண்றேன்' என்பதை 'இஹ் ரூஃபே திஹ் மோர்கன் ஆன்' என்கிறார்கள். கடைசியில் வரும் அந்தக் குட்டி 'ஆன்' இருந்தால்தான் அது போன். இல்லாவிட்டால் வெறும் கூப்பிடுதல்! வாக்கியம் முடிகிறவரை காதைத் தீட்டி வைத்திருக்க வேண்டும்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. 1988 அக்டோபரில் தூர்தர்ஷனில் பி.ஆர்.சோப்ராவின் மகாபாரதம் ஆரம்பித்தபோது எங்கள் தெருவில் யாருக்கு இந்தி தெரியும்? ஒரே ஒரு டி.வி. இருந்த வீட்டுத் திண்ணை வரை கூட்டம். கதை தெரிந்ததால் ஒருவருக்கும் சிரமமில்லை. 'பிதாஸ்ரீ', 'பிராதாஸ்ரீ' என்று பிள்ளைகள் விளையாட ஆரம்பித்து விட்டார்கள். நான் மலையாளம் பேசப் பழகியதும் திருவனந்தபுரம் தூர்தர்ஷனைப் பார்த்துத்தான்; அது 1985லிருந்து மலையாளத்தில் நிகழ்ச்சி தந்தது. "மக்களே, ஒனக்கு முன்னமே தெரிஞ்ச கதையை ஜெர்மன்ல போட்டுக் கேளு" என்றேன்.

அப்போதுதான் தெரிந்தது, ஜெர்மனி டப்பிங்குக்குப் பேர் போன நாடு என்று. நம் ஊரில் டோரா தமிழ் பேசினாளே, அதுபோல அங்கே எந்த ஊர்ப் படமானாலும் ஜெர்மனில் பேசும். (சுட்டி டி.வி.யில் வந்த தமிழ் டோரா இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தாள். அமெரிக்க டோரா சொல்லிக் கொடுத்தது ஸ்பானிஷ்.) நம்ம ஷாருக்கான்கூட அங்கே ஜெர்மன் பேசியிருக்கிறார்! 'கபி குஷி கபி கம்' படத்தை 2004ல் ஆர்.டி.எல். 2 என்ற சேனல் ஜெர்மனில் டப் செய்து போட்டது. பாட்டுகளை மட்டும் இந்தியிலேயே விட்டு விட்டார்கள்.

டப் செய்ததில் இன்னொரு வசதி, ஸ்டுடியோவில் பேசுவதால் வார்த்தை சுத்தமாக விழும். வட்டார வழக்கு குறைவு. காதுக்குப் புதிதானவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நாங்கள் ஆரம்பித்தது பெரிய படத்தில் அல்ல, பன்றிக்குட்டி கார்ட்டூனில். என் பேரன் இங்கிலீஷில் பார்க்கும் 'பெப்பா பிக்', ஜெர்மனில் 'பெப்பா வுட்ஸ்'. யூடியூபில் காசில்லாமல் கிடைக்கிறது. ஒரு கதை ஐந்தே நிமிடம். அம்மா, அப்பா, தம்பி, சாப்பாடு, மழை, டாக்டர் என்று வீட்டுப் பேச்சுத்தான். முதல் தடவை சும்மா பார்ப்பாள். இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்தி எழுதுவாள். மூன்றாம் தடவை படம் பார்க்கக் கூடாது. நான் சாளை மீன் கழுவும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும். எங்கே தடுமாறினாளோ அந்த இடம் மறுபடி. பேரனுக்குத்தான் கோபம், "சித்தி என் பெப்பாவைக் கெடுத்துட்டா" என்று!

பிறகு நெட்ஃபிளிக்ஸ். அதில் முதலில் ஜெர்மன் ஒலியே கண்ணில் படவில்லை. நாம் இருக்கும் இடத்தையும் நம் கணக்கில் உள்ள மொழியையும் பார்த்து ஒரு சில மொழிகளை மட்டும்தான் காட்டுமாம். அவளுக்கென்று தனி ப்ரொஃபைல் போட்டு, அதன் மொழியை ஜெர்மனுக்கு மாற்றியதும் வரிசையாக வந்தன. அவர்களே தயாரிக்கும் தொடர்களில் ஜெர்மன் டப்பிங் பெரும்பாலும் இருக்கிறது. 'மணி ஹெய்ஸ்ட்' 2021ல் தமிழிலும் வந்ததால் அதை ஏற்கெனவே பார்த்திருந்தாள். அதையே ஜெர்மனில் மறுபடி பார்த்தாள். வெட்டு குத்து, கெட்ட வார்த்தை எல்லாம் உண்டு. பிள்ளைகளை வைத்துக்கொண்டு போடாதீர்கள்.

இதில் ஒரு சிக்கலைச் சொல்லியே ஆக வேண்டும். கீழே ஓடும் ஜெர்மன் எழுத்தும் காதில் விழும் ஜெர்மனும் பல சமயம் ஒன்றாக இருப்பதில்லை! டப்பிங் வசனத்தை வாயசைவுக்குப் பொருத்தி எழுதுகிறார்கள். சப்டைட்டிலை, வாசிக்கும் வேகத்துக்காகச் சுருக்கித் தனியாக எழுதுகிறார்கள். "காது கேட்கிறது ஒண்ணு, கண்ணு பார்க்கிறது ஒண்ணு" என்று இவள் ஒரு வாரம் குழம்பினாள். காது கேளாதவர்களுக்காக 'சி.சி.' என்று குறித்திருக்கும் எழுத்து இருந்தால் அது பேச்சோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். இல்லாவிட்டால் எழுத்தை அணைத்து விடுவதே மேல்.

ஜெர்மன் அரசு சேனல்களின் இணையதளங்களில் நிகழ்ச்சிகள் கொட்டிக் கிடந்தாலும், பலவற்றை நம் நாட்டிலிருந்து திறக்க முடியாது. டாய்ச்ச வெல்லே மட்டும் எல்லாருக்கும் இலவசம். அதில் 'நிக்கோஸ் வேக்' என்று ஒரு படத்தொடர். ஜெர்மனிக்கு வந்து இறங்கிய ஸ்பெயின் பையன் பையைத் தொலைத்து விட்டுத் தவிக்கும் கதை. ஏ1லிருந்து பி1 வரை பாடமும் அதற்குள்ளேயே. டப்பிங் இல்லை, ஆனால் படிப்பவர்களுக்காகவே எடுத்தது.

டி.வி. பார்த்தால் பேச வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். எழுத்தும் இலக்கணமும் வகுப்பில்தான் வந்தன. ஆனால் காது திறந்தது இதில்தான். நான்கு மாதம் கழித்துக் கேட்புப் பகுதியை மட்டும் மறுபடி எழுதினாள். 73! அன்று நான் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். என்னைக் கட்டிப்பிடித்து ஜெர்மனில் என்னமோ சொன்னாள். எனக்கு 'டாங்கே' மட்டும் புரிந்தது.

இப்போது பவேரியா மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. போன வாரம் போனில், "யம்மா, இங்க உள்ள பாட்டிமாரு பேசுறது பெப்பா பேசுற ஜெர்மன் இல்ல. நம்ம முட்டத்துப் பேச்சு மாதிரி தனியா இருக்கு" என்றாள். அதற்கும் வழி கண்டுபிடித்து விட்டாள். அந்த மாநிலத்துச் சேனலில் 'தஹோம் இஸ் தஹோம்' என்று ஒரு கிராமத்துத் தொடர், 2007லிருந்து ஓடுகிறதாம். பேச்சு பூராவும் அந்த வட்டார வழக்கு. திங்கள் முதல் வியாழன் வரை இரவு ஏழரை மணிக்கு. அந்த நேரத்தில் நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. "சீரியல் ஓடுது, அப்புறம் பேசுதேன்" என்று மெசேஜ் வருகிறது.

- ஒரு வாசகி, முட்டம்.