மிதிவண்டியும் மழையங்கியும்



மழையில் நடந்து செல்வோரை வானத்து நீர் நனைக்கிறது. மிதிவண்டியில் செல்வோரையோ, வெளியிலிருந்து மழையும் உள்ளிருந்து வியர்வையும் ஒருங்கே நனைக்கின்றன. ஆதலின் அவர்தம் மழையங்கிக்கு இரண்டு கடமைகள் உண்டு: நீரைத் தடுத்தல் ஒன்று, நீராவியைப் போகவிடுதல் மற்றொன்று.

1823-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு வேதியியலறிஞர் சார்லஸ் மாக்கின்டாஷ், நாப்தாவில் கரைத்த ரப்பரை இரு துணிகளுக்கிடையே பூசி, நீர்புகாத் துணிக்குக் காப்புரிமை பெற்றார். அத்துணி மழையைத் தடுத்தது. வியர்வையையும் உள்ளேயே நிறுத்தியது. 1969-இல் அமெரிக்கரான ராபர்ட் கோர், டெஃப்லான் என வழங்கும் பொருளைச் சூடாக்கி விரைந்து இழுத்தால் நுண்துளைகள் நிறைந்ததாக மாறும் எனக் கண்டார். நீர்த்துளி அத்துளைகளில் நுழையாது, நீராவி நுழையும். இத்தகைய மென்படலம் ஒட்டிய அங்கிகள் இன்று விற்பனையில் உள்ளன.

அவை விலை மிகுந்தவை. எனினும் எங்கும் ஒரே வகையில் பயன்தருமா? தாரா. நீராவி, மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கே செல்லும். குளிர்நாட்டில் இது எளிதில் நிகழும். வடகிழக்குப் பருவமழையின்போது நம் கடற்கரை ஊர்களில் வெளிக்காற்றே வெதுவெதுப்பும் ஈரமும் உடையதாதலின், நீராவி மெல்லவே வெளியேறும். ஆகவே நமக்குக் காற்றோட்டமே முதன்மையானது. அக்குளிலும் முதுகிலும் திறப்புள்ள தளர்ந்த அங்கியைத் தேர்ந்தெடுங்கள். குனிந்து மிதிக்கையில் இடுப்பு நனையாதவாறு பின்புறம் சற்று நீண்டிருக்கட்டும். ஊசித்துளைகளின் வழியே நீர் கசியுமாதலின், தையல்களின் உட்புறம் நாடா ஒட்டப்பட்டிருத்தல் வேண்டும். மழையிருளில் பிறர் கண்ணிற்படும் மஞ்சள் போன்ற நிறமே நன்று. சக்கரத்திற் சிக்கும் விளிம்பும், பக்கப்பார்வையை மறைக்கும் தலைமூடியும் நனைவதைக் காட்டிலும் கொடியவை.

இனிப் பேணும் முறை. எவ்வங்கியையும் ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் விரித்து உலர்த்துக. நுண்துளை அங்கியின் மேல்துணியில், நீரை உருண்டோடச் செய்யும் பூச்சு ஒன்றுண்டு. அழுக்கும் எண்ணெயும் படிந்தால் மேல்துணி நீரை உறிஞ்சிக்கொள்ளும். நீராவியின் வழி அடைபடும். அப்போது உள்ளே நனைப்பது நம் வியர்வையே. அங்கி ஒழுகுவதாகக் கருதி அதனை எறிந்துவிடுவோரும் உளர். மென்மையான சோப்புநீரில் கழுவி, சோப்பு முற்றும் நீங்க அலசுங்கள். துணியை மென்மையாக்கும் திரவங்களைச் சேர்க்காதீர்கள். உலர்ந்தபின் சில துளி நீர் தெளித்துப் பாருங்கள். துளிகள் உருண்டோடினால் அங்கி செம்மையாக உள்ளது. துணியில் பரவி ஊறினால், பூச்சினைப் புதுப்பிக்கும் காலம் வந்துவிட்டது.