நிதான உயிரின் அவசர நொதி

புரோகுளோரோகாக்கஸ் ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறிய கடல் பாக்டீரியா. சாலி சிஷோமும் சக ஆய்வாளர்களும் 1988இல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் எண்ணிக்கையில் இதுவே முதலிடம். ஆனால் வளர்ச்சியில் மிக நிதானம். நாளுக்கு ஒருமுறைதான் இரண்டாகப் பிரியும். ஈ.கோலை பாக்டீரியாவோ வசதியான சூழலில் 20 நிமிடங்களில் பிரிந்துவிடும்.

இப்படி மெதுவாக வாழும் உயிரில், மரபணுவின் செய்தியைச் சுமந்து செல்லும் தூது ஆர்என்ஏவும் நெடுநேரம் நிலைக்கும் என்றுதான் எண்ணத் தோன்றும். 2010இல் வெளிவந்த ஆய்வு அதற்கு நேர்மாறான விடையைத் தந்தது. இதன் மெட்4 என்ற வகையில் தூது ஆர்என்ஏவின் அளவு பாதியாகக் குறைய 2.4 நிமிடங்களே போதும். இது செயல்பட்டுக்கொண்டிருந்த மரபணுக்களுக்கான இடைநிலை மதிப்பு. ஈ.கோலையைவிட இது வேகம். ஏன் இத்தனை அவசரம்? இந்த உயிர் வாழும் நீரில் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகக் குறைவு. வேலை முடிந்த ஆர்என்ஏவை உடனே உடைத்தால் அதன் எழுத்துகளான நியூக்ளியோடைடுகளை மறுபடி பயன்படுத்தலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். எனக்கும் அது ஏற்கத்தக்கதாகவே படுகிறது.

உடைக்கும் வேலையில் முதன்மையானது ஆர்என்ஏஸ் ஈ என்ற நொதி. ஏ, யு எழுத்துகள் மிகுந்த ஒற்றை இழைப் பகுதியைத் தேடி நடுவில் வெட்டும். துண்டுகளைப் பிற நொதிகள் நுனியிலிருந்து கரைத்துவிடும். இரட்டை இழையாகப் பிணைந்த இடத்தில் ஆர்என்ஏஸ் ஈ தடுமாறும்.

இந்தப் பலவீனம்தான் வைரஸ் தாக்கும்போது முக்கியமாகிறது. பி-எஸ்எஸ்பி7 என்ற வைரஸ் நுழைந்ததும் செல்லில் ஆர்என்ஏஸ் ஈயின் உற்பத்தி கூடுகிறது. பாக்டீரியாவின் ஆர்என்ஏ வேகமாகச் சிதைகிறது. பறிகொடுப்பவனின் கத்தியே கொள்ளையனுக்கு ஆயுதமாகிறது. அப்போதும் பாக்டீரியாவின் சில தூது ஆர்என்ஏக்கள் மட்டும் குறையாமல் பெருகுவதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். காரணம் 2011இல் தெரிந்தது. டிஎன்ஏவின் எதிர் இழையிலிருந்து உருவாகும், சுமார் 3,500, 7,000 எழுத்துகள் நீளமுள்ள இரண்டு ஆர்என்ஏக்கள் அவற்றோடு பிணைந்து, நொதி வெட்டும் இடங்களை மூடிவிடுகின்றன. மொத்த மரபணுத்தொகுதியே சுமார் 16.6 லட்சம் எழுத்துகள்தான் என்னும்போது இந்த நீளம் வியக்க வைக்கிறது.

மரபணுவிலிருந்து ஆர்என்ஏ உருவாவதை நம் பாடநூல்கள் படம் போட்டு விளக்குகின்றன. அது எப்படி, எவ்வளவு விரைவில் அழிகிறது என்பதற்கும் அதே அளவு பக்கம் ஒதுக்க வேண்டும்.